சிவப்புச் சிங்கமும் ஒரு டவரா டம்ளரும்

ஆட்டோ ஒன்று க்ரீச்சென்று நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "சார், இங்க புதுசா ஒரு காபிக் கடை வந்திருக்காமே... எங்க இருக்கு?" என்று கேட்டார்.

கேட்டது என் நண்பனிடம். நண்பன் அப்போது நின்றுகொண்டிருந்தது அந்தக் காபிக் கடையின் வாசலில். அவன் தலைக்கு மேல் பன்னிரண்டடி நீளத்துக்குப் பளபளவென்று அதே காபிக் கடையின் ஃப்ளெக்ஸ் போர்டு!

நண்பன் பேசாமல் விரலை மேலே தூக்கிக் காட்டினான். ஆட்டோக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "அட, இதானா? நான் ஏதோ காதுகுத்து பேனர்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு காபிகூடக் குடிக்கவில்லை.

சிரிக்காதீர்கள். பதினாறு வருஷம் ஒரு கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் குப்பை கொட்டிவிட்டு, பி.எஃப். பணத்தை மொத்தமாக உருவி அவன் போட்ட கடை அது. முதல் மாதக் கணக்கை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பால், வாடகை, கரன்ட் எல்லாம் போக மிச்சம் என்று எழுத வேண்டிய வரி வந்ததும், இரண்டு பேரும் பென்சிலைப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

காபியில் குற்றம் சொல்ல முடியாது. குற்றவாளி போர்டுதான். வலது ஓரம் சாமி படம். இடது ஓரம் காலஞ்சென்ற அப்பா. நடுவில் கடைப்பெயர், ஆறு கலரில், நெருப்புப் பிடித்து எரிகிற எழுத்தில். பக்கத்தில் இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய, ஆவி பறக்கும் பீங்கான் கோப்பை... அதுவும் இரண்டு. கீழே இஞ்சி டீ, சுக்குக் காபி, மெதுவடை என்று பதினான்கு ஐட்டம். மூன்று செல் நம்பர். ஜி.எஸ்.டி. நம்பர். தப்பிப் பிழைத்த நாலு இஞ்ச் இடத்தில் 'அனைவரும் வருக'. ஜாதகத்தில்கூட இத்தனை தகவல் இருக்காது!

"போர்டு அடிக்கிற பையன் இருநூறு எழுத்து மாடல் காட்டினான்டா. எதை விடறதுன்னே தெரியல" என்றான் நண்பன் பரிதாபமாக.

நான் பி.காம். டிசைன் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பாலன்ஸ் ஷீட் டோட்டலுக்குக் கீழே இரண்டு கோடு போடுவதுதான். என்ன யோசனை சொல்வது?

இந்த இடத்தில்தான் என் மச்சினன் பிரவேசிக்கிறான்.

அவனுக்கு லண்டனில் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் தெருத்தெருவாக நடந்து, பழைய பப்களின் வாசலில் தொங்கும் போர்டுகளை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, "வெளியே நின்னு மட்டும்தான் எடுத்தேன் மாமா" என்று ஒரு சத்தியப் பிரமாணம். (என் மனைவி நம்புகிறாள். நானும் நம்புகிறேன், வீட்டில் இருக்கும் நேரங்களில்.)

பப் என்றதும் டாஸ்மாக் வாசலை நினைத்துவிடாதீர்கள். அது இங்கிலாந்தின் ஊர்ச் சாவடி மாதிரி. பீர் உண்டு, அதோடு சாப்பாடு, அரட்டை, உள்ளூர் அரசியல் எல்லாம் உண்டு. வாசலில் ஒரு கம்பம். அதில் ஊஞ்சல் மாதிரி ஒரு பலகை தொங்கும். பலகையில் ஒரு படம், ஒரு பெயர். 'ரெட் லயன்' என்றால் ஒரு சிவப்புச் சிங்கம். 'க்ரவுன்' என்றால் ஒரு கிரீடம். அவ்வளவுதான். செல் நம்பர் கிடையாது. 'அனைவரும் வருக' கிடையாது. ஆனாலும் அனைவரும் வருகிறார்கள்!

இந்த மர்மம் என்ன என்று துருவிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தப் பலகைகளுக்குப் பின்னால் அறுநூறு வருஷத்து சங்கதி இருக்கிறது.

ஆதியில் ரோமானியர்கள் ஒயின் கடை வாசலில் திராட்சைக் கொடியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். இங்கிலாந்தில் திராட்சைக்கு எங்கே போவது? பச்சையாக எது கிடைத்ததோ அந்தச் செடியை ஒரு கழியில் கட்டினார்கள். செடி தொங்கினால் சரக்கு ரெடி என்று அர்த்தம். கல்யாண வீட்டுக்கு வாழைமரம் கட்டுகிற மாதிரிதான்.

1393-இல் இரண்டாம் ரிச்சர்ட் ராஜா ஒரு உத்தரவு போட்டார். பீர் காய்ச்சி விற்கிறவன் கட்டாயம் வாசலில் ஒரு அடையாளம் தொங்கவிட வேண்டும். தவறினால் சரக்கு பறிமுதல்! ராஜாவுக்கு டிசைன் மேல் காதல் என்று நினைக்க வேண்டாம். பீரின் தரத்தைச் சோதிக்க ருசி பார்க்கும் அதிகாரிகள் இருந்தார்கள். அவர்களுக்குக் கடை தெரிய வேண்டாமா? ஷேக்ஸ்பியரின் அப்பா ஜான் ஷேக்ஸ்பியர்கூட 1556-இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஊரில் இந்த உத்தியோகம் பார்த்தவர்தான். குடித்துப் பார்ப்பதே கடமை! இப்படி ஒரு கவர்மென்ட் போஸ்டிங் இருந்தால் பரீட்சைக்கு எத்தனை லட்சம் பேர் விண்ணப்பம் போடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ரிச்சர்டின் சொந்தச் சின்னம் வெள்ளை மான். அதனால் 'ஒயிட் ஹார்ட்' என்ற பெயரில் இன்றும் அங்கே ஏகப்பட்ட பப்கள். 1651-இல் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ், எதிரிகளுக்குப் பயந்து ஒரு ஓக் மரத்தின் மேல் ஏறி ஒளிந்துகொண்டார். பிற்பாடு ராஜாவானார். மரமும் பிரபலமாகிவிட்டது. ஊர் ஊருக்கு 'ராயல் ஓக்'!

எல்லாம் படம். ஏன்? அன்றைக்கு ஜனங்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. மற்ற கடைகளிலும் இதே கதைதான். அடகுக் கடைக்கு மூன்று தங்கக் குண்டு. முடி திருத்துகிறவருக்குச் சிவப்பும் வெள்ளையும் சுற்றிய கம்பம். (மூன்று குண்டுக்கு லண்டன்காரர்களின் வியாக்கியானம்: வைத்த பொருள் திரும்பாது என்பதற்கு 'ரெண்டுக்கு ஒண்ணு' பந்தயம்!)

'நமக்குத்தான் எழுத்துத் தெரியுமே, இப்போது எதற்குப் படம்?' என்று கேட்கிறீர்களா? அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆபீசுக்கு லேட்டாகப் பறக்கிறவன் எம்.பி.ஏ.வே படித்திருந்தாலும், உங்கள் போர்டைக் கடக்கும் அந்த இரண்டு வினாடியில் அவன் எழுதப் படிக்கத் தெரியாதவன்தான்! அவன் கண்ணுக்கு எட்டப் போவது ஒரே ஒரு விஷயம். அது என்ன என்பதை நீங்கள் தீர்மானித்தீர்களா, இல்லை பதினான்கு ஐட்டத்தையும் சீட்டுக் குலுக்கிப் போட விட்டுவிட்டீர்களா என்பதுதான் கேள்வி.

*

வெள்ளைக்காரனும் இந்தப் பாடத்தைச் சும்மா கற்கவில்லை. ஆள் ஆளுக்குப் போட்டி போட்டுக்கொண்டு, பக்கத்துக் கடையை விடப் பெரிசு, அதைவிடப் பெரிசு என்று இரும்புச் சட்டம் போட்டுத் தெருவின் நடுவரைக்கும் பலகைகளை நீட்டினார்கள். வெளிச்சம் மறைந்தது. காற்றடித்தால் தெரு முழுக்கக் கிறீச் கிறீச். 1718-இல் லண்டன் ஃப்ளீட் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு போர்டு தன் பாரம் தாங்காமல் வீட்டு முகப்பையே இழுத்துக்கொண்டு கீழே விழுந்தது. நாலு பேர் சாவு. செத்தவர்களில் ராஜாவின் நகைக்காரரும் உண்டு, செருப்புத் தைக்கிறவரும் உண்டு. போர்டுக்குப் பேதம் கிடையாது.

கடைசியில் 1760-களில் சட்டம் வந்தது. நீட்டிக்கொண்டு நிற்கும் போர்டுகளைக் கழற்று, இல்லாவிட்டால் சுவரோடு ஒட்டி வை! அதே சமயத்தில்தான் வீடுகளுக்குக் கதவு நம்பரும் வந்தது. அதுவரை போர்டுதான் விலாசம். 'சிவப்புச் சிங்கத்துக்கு எதிர் வீடு' என்றால் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும்.

போர்டுகளுக்கு ஆபத்து வந்த அதே 1762-இல் ஒரு வேடிக்கையும் நடந்தது. பானல் தார்ன்டன் என்ற நையாண்டி எழுத்தாளர், ஓவியர் ஹோகார்த்தின் ஒத்தாசையோடு, லண்டன் போ ஸ்ட்ரீட்டில் கடைப் போர்டுகளை வைத்தே ஒரு ஓவியக் கண்காட்சி நடத்திவிட்டார். பெரிய மனிதர்களின் கலைக் கண்காட்சிகளுக்குப் போட்டியாக! உள்ளே இரண்டு படங்களுக்கு நீலத் திரை. பெண்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்களோ என்று மூடி வைத்ததாகப் பாவனை. ஆசையோடு திரையை விலக்கிப் பார்த்தவர்களுக்கு, ஒரு பலகையில் 'ஹா! ஹா! ஹா!', இன்னொன்றில் 'ஹி! ஹி! ஹி!'

இந்தக் குறும்பு பப் போர்டுகளின் ரத்தத்திலேயே ஊறியது. 'ஃபைவ் ஆல்ஸ்' என்று ஒரு பெயர். போர்டில் ஐந்து பேர். எல்லாரையும் ஆள்கிறேன் என்கிறார் ராஜா. எல்லாருக்காகவும் பிரார்த்திக்கிறேன் என்கிறார் பாதிரியார். வாதாடுகிறேன் என்கிறார் வக்கீல். சண்டை போடுகிறேன் என்கிறார் சிப்பாய். ஐந்தாவதாக மூலையில் ஒரு அப்பாவி குடியானவன்... எல்லாருக்காகவும் பணம் கட்டுகிறேன் என்கிறான்! மார்ச் மாதச் சம்பளத்தில் வருமான வரி பிடித்த மிச்சத்தை வாங்குகிறவர்கள், அந்த ஐந்தாவது ஆளை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தேம்ஸ் நதிக்கரையில் வார்க்ரேவ் என்ற ஊர். 'ஜார்ஜ் அண்ட் டிராகன்' அங்கே ஒரு பப். ராயல் அகாடமி ஓவியர்கள் லெஸ்லியும் ஹாட்ஜ்சனும் அதன் போர்டில் ஆளுக்கு ஒரு பக்கம் வரைந்தார்கள். ஒரு பக்கம் புனித ஜார்ஜ் குதிரை மேல் வந்து டிராகனோடு மல்லுக்கட்டுகிறார். மறுபக்கம்? சண்டை முடிந்து பீர் குடிக்கிறார்! ஜெரோம் கே. ஜெரோம் 1889-இல் எழுதிய 'த்ரீ மென் இன் எ போட்' புத்தகத்திலேயே இந்தப் போர்டு வருகிறது. தொங்கும் பலகைக்கு இரண்டு பக்கம் உண்டு, வருகிறவனுக்கு ஒன்று, போகிறவனுக்கு ஒன்று என்று யோசித்த மூளைக்கு ஒரு சபாஷ் போடத்தான் வேண்டும்.

பெரிய ஓவியர் போர்டு எழுதினால் கணக்குப் பிள்ளைகளுக்குத் தலைவலியும் உண்டு. டேவிட் காக்ஸ் என்ற புகழ்பெற்ற ஓவியர், 1847-இல் வேல்ஸில் ஒரு 'ராயல் ஓக்' விடுதிக்குப் போர்டு எழுதிக் கொடுத்தார். பிற்பாடு அவர் படங்களின் விலை எகிறியது. விடுதி நடத்தியவரோ திவால். போர்டு யாருக்குச் சொந்தம்? கடன்காரர்களுக்கா, கட்டட உரிமையாளருக்கா? 1880-களின் தொடக்கத்தில் கோர்ட்டு வரைக்கும் போய், அது கட்டடத்தோடு சேர்ந்தது என்று முடிவாயிற்று. நிரந்தரச் சொத்தா, விற்கக்கூடிய சரக்கா... என் பி.காம். புரொபஸர் கேட்டிருந்தால் ஒரு பத்து மார்க் கேள்வி தேற்றியிருப்பார்.

*

இதெல்லாம் படச் சமாசாரம். எழுத்துக்கு வருவோம். ஒரு கடைப் போர்டு உலகத்தையே சுற்றி வந்த கதை இது.

1926. பிரிஸ்டல் நகரம். டக்ளஸ் கிளெவர்டன் என்கிற, காலேஜ் முடித்து அதிக நாள் ஆகாத இளைஞர் ஒரு புத்தகக் கடை திறந்தார். முகப்பில் பெயர் எழுத எரிக் கில் என்ற சிற்பியைக் கூப்பிட்டார். கில் வந்தார். கொம்பு, வால், சுருள் எதுவும் இல்லாத மொட்டை எழுத்தில், நேராக, அழுத்தமாக எழுதிவிட்டுப் போனார். அச்செழுத்துத் தயாரிக்கும் மோனோடைப் கம்பெனியின் ஆலோசகர் ஸ்டான்லி மோரிசன் அந்தக் கடைக்கு வந்தார். போர்டைப் பார்த்தார். 'இதையே அச்செழுத்தாக்கினால் என்ன?'

1928-இல் பிறந்தது கில் சான்ஸ். 1929-இல் லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே அதை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் போர்டிலிருந்து டைம் டேபிள் வரைக்கும் போட்டது. 1935-இல் வந்த முதல் பெங்குவின் புத்தகங்களின் அட்டையில் அதுதான். 1997-லிருந்து 2021 வரை பி.பி.சி.யின் சின்னத்தில் இருந்ததும் அதுதான். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரின் எழுத்துப் பட்டியலில் தேடிப் பாருங்கள்... பெரும்பாலும் இருக்கும். மானேஜர் கேட்டால் டிசைன் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

(கில்லின் சொந்த வாழ்க்கை பற்றி 1989-இல் வெளிவந்த உண்மைகள் படுகேவலமானவை. பெற்ற பெண்களையே பாழாக்கியவர். ஆகவே ஆளுக்கு வேண்டாம் மாலை. எழுத்தை மட்டும் பார்ப்போம்.)

அந்த எழுத்தை எடுத்துக்கொடுத்தது கம்ப்யூட்டர் அல்ல, கமிட்டி அல்ல. ஒரு சின்னப் புத்தகக் கடையின் முகப்பு! எதிர்ச்சாரியில் நடக்கிறவன் வாசிக்க வேண்டுமே என்று பிரஷ் பிடித்து எழுதியது. தெருவில் ஜெயித்த எழுத்து, காகிதத்திலும் ஜெயித்தது.

இங்கிலாந்தில் இந்த எழுத்து வேலைக்குத் தனி நுணுக்கங்கள் உண்டு. முதலில் காகிதத்தில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தி ஓட்டை போடுவார்கள். அதைப் பலகை மேல் வைத்துப் பொடி தட்டினால் புள்ளி புள்ளியாக டிசைன் இறங்கும். நம் ஊர் ஆரி ஒர்க் பிளவுஸுக்கு டிரேஸ் எடுப்பது போலவேதான். தங்க ரேக் ஒட்டுவதானால், இறகு மாதிரி ஒரு பிரஷ்ஷைத் தன் கன்னத்தில் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார் பெயிண்டர். முகத்து எண்ணெய்ப் பசையில் ரேக் ஒட்டிக்கொண்டு வரும்! எழுத்துக்கு நிழலை இடது பக்கமும் கீழேயும்தான் பெரும்பாலும் போடுவார்கள். காரணம் கலையல்ல, காசு. ஆங்கிலத்தில் பி, டி, ஆர் எல்லாவற்றுக்கும் தொப்பை வலது பக்கம், நேர்கோடு இடது பக்கம். நேர்கோட்டுக்கு நிழல் போட்டால் சீக்கிரம் வேலை முடியும், வீட்டுக்குப் போகலாம். அந்தச் சிக்கனமே பிறகு ஸ்டைலாகிவிட்டது.

பீர் கம்பெனிகளே சம்பளம் கொடுத்துப் போர்டு ஓவியர்களை வைத்திருந்த காலமும் உண்டு. விட்பிரெட் கம்பெனி 1949-இல் தன் பப் போர்டுகளைச் சீட்டுக்கட்டு சைஸில் அச்சடித்து, முதல் வரிசையாக ஐம்பது வெளியிட்டது. நாம் டிரவுசர் காலத்தில் தீப்பெட்டிப் படம் சேர்த்தது போல அங்கே ஜனங்கள் தேடித் தேடிச் சேர்த்தார்கள்.

1980-களில் கம்ப்யூட்டரே ஸ்டிக்கரை எழுத்து எழுத்தாக வெட்டித் தரும் மெஷின் வந்தது. பிரஷ் பிடித்த கைகளுக்கு வேலை குறைந்தது. முழுசாக அழியவில்லை. சமீப வருஷங்களில் அங்கே இளவட்டங்கள் மறுபடி பிரஷ்ஷோடு வந்து இந்த வேலையைக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

*

மச்சினன் அனுப்பிய படங்களில் ஒன்றில் பப் வாசலில் ஏணி மேல் ஒரு பெயிண்டர். கையில் நுனியில் துணி சுற்றிய ஒரு குச்சி. அதைப் பலகையில் ஊன்றி, அதன் மேல் மணிக்கட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தக் குச்சியை நான் பார்த்திருக்கிறேன்! சின்ன வயசில் எங்கள் தெருமுனையில். பெயிண்டர் எழுத எழுத, ஸ்கூலுக்கு நேரமாவது தெரியாமல் வாய் பிளந்து நின்றிருக்கிறேன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவரை மறந்தே போனேன்.

நானும் நண்பனும் இரண்டு நாள் விசாரித்து அலைந்து, அதே மாதிரி ஒரு பெரியவரைப் பிடித்தோம். கேட்டுகளில் 'நோ பார்க்கிங்', தேர்தல் வந்தால் சுவரில் சின்னம்... இப்போது அவ்வளவுதான் பிழைப்பு. கடைக்கு வந்தவர் போர்டை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நேராக ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு பஸ் ஸ்டாப் வரை நடந்தார். திரும்பி வந்தார்.

"எழுதறவன் இங்கேர்ந்து பாக்கக் கூடாது தம்பி. படிக்கிறவன் அங்கல்ல இருக்கான்?"

அறுநூறு வருஷத்து இங்கிலீஷ் சரித்திரம் படித்து நான் கண்டுபிடித்ததை, ரோட்டைக் கடந்த முப்பது வினாடியில் சொல்லிவிட்டார்!

"அப்பா படம்..." என்று இழுத்தான் நண்பன்.

"கல்லாவுக்குப் பின்னால மாட்டுங்க. நாள் பூரா உங்களைப் பாத்துக்கிட்டிருப்பாரு. ரோட்டுல எதுக்கு அவரை வெயில்ல நிக்க வச்சிருக்கீங்க?"

"ஐட்டம் பேரெல்லாம்?"

"உள்ள ஒரு கரும்பலகை. பசிக்கிறவன் படிச்சுக்குவான்."

கூலி? ஃப்ளெக்ஸைப் போல மூன்று மடங்கு கேட்டார். நண்பன் முகம் சுருங்கியது. நான் உள்ளே புகுந்து தேய்மானக் கணக்குப் போட்டுக் காட்டினேன். வெயிலில் ஃப்ளெக்ஸ் ஒரு வருஷத்தில் வெளிறிப் போகும். எனாமல் பெயின்ட் தகரத்தில் பல வருஷம் நிற்கும். வருஷக் கணக்கில் பார்த்தால் பெரியவர்தான் மலிவு. படித்த படிப்பு எனக்கு உபயோகப்பட்ட சொற்பத் தருணங்களில் அதுவும் ஒன்று.

இரண்டு நாள் வேலை. சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டி இரண்டு கோடு. கரும்பச்சைத் தகரத்தில், பழுத்த மஞ்சளில், இரண்டே வார்த்தையில் கடைப் பெயர். மெய்யெழுத்தின் புள்ளிகளை வழக்கத்தைவிடப் பெரிசாக வைத்தார். "தூரத்துல முதல்ல காணாமப் போறது புள்ளிதான் தம்பி." இடது ஓரத்தில் ஒரே ஒரு பித்தளை டவரா டம்ளர். முகப்புக்குப் பக்கவாட்டில், லண்டன் பப் மாதிரி ஒரு சின்னத் தொங்கு பலகை. அது மட்டும் என் யோசனை. வருகிற பக்கம் டம்ளர் நிறைய நுரை. போகிற பக்கம் காலி டம்ளர்! வார்க்ரேவ் டிராகனுக்கு நன்றி. மூலையில் தன் பெயரைப் பொடியாக எழுதிவிட்டு, பெரியவர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவினார்.

போர்டு மாற்றியதும் பணம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது என்று எழுதினால் நம்பாதீர்கள். அப்படியெல்லாம் இல்லை. ஆனால் மூன்றாவது மாதக் கணக்கில், 'மிச்சம்' என்ற வரியில் ஒரு சின்னத் தொகையை எழுதினோம். இந்தத் தடவை பேனாவில். பெரியவருக்கும் அதே தெருவில் இரண்டு ஆர்டர் வந்தது. ஒரு தையல்காரர், ஒரு சைக்கிள் கடை.

போன வாரம் அந்தப் பக்கம் போக ஆட்டோ பிடித்தேன். தெருப் பெயர், கதவு நம்பர் எல்லாம் ஒப்பித்தேன். டிரைவர் விழித்தார். பிறகு முகம் மலர்ந்து, "டவரா டம்ளர் போர்டுகிட்டதானே சார்? மொதல்லயே சொல்றதுக்கென்ன!" என்றார்.

மச்சினனுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "சூப்பர் மாமா! உள்ளே போனீங்களா, இல்லை வெளியே நின்னு மட்டும்தான் எடுத்தீங்களா?"